தொப்பூர் இறக்கமும் பிரேக் ஆயிலும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

கார் வாங்குகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது பாதுகாப்பில் எத்தனை ஸ்டார் என்றுதான். நல்லதே. ஆனால் அந்த ஸ்டார்களைத் தரும் பாரத் என்கேப் திட்டத்தின் முன்மோதல் சோதனை, மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதைத்தான் காட்டும். மோதாமல் நிற்பது வேறு சங்கதி.

பிரேக் ஆயில், பெயர்தான் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் கொதிநிலை 155 டிகிரிக்கே இறங்கிவிடும். பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பர் சூடேறி, ஆயிலில் ஆவிக்குமிழி கட்டும். ஆயில் அமுங்காது, குமிழி அமுங்கும். பெடல் பஞ்சாகித் தரை தொடும். அழுத்தமே இல்லாதபோது, பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என்ன செய்யும்?

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெரும்பாலான கார்களுக்கு ஒரு லிட்டர் போதும். மேலே கொஞ்சம் ஊற்றுவது மாற்றியதாகாது. நான்கு சக்கரத்திலும் ப்ளீட் செய்து, அதாவது பழைய ஆயிலை வெளியேற்றி, டிக்காஷன் நிறம் போய் வெளிர்மஞ்சளாக வர வேண்டும். சீல் உடைத்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலை மெக்கானிக் எடுத்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். காரின் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் ஊற்றுவதற்கு முன் பிரேக் பேட் தேய்மானத்தையும் கசிவையும் பாருங்கள்.

கணவாயில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியர்; எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் 'எல்' (லோ கியர்) எதற்கு இருக்கிறது என்று பலருக்குத் தெரிவதே இல்லை.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு