இலங்கைக்குப் போகும் எரிவாயுவையும் மின்சாரத்தையும் ஒரே கணக்கில் திட்டமிடக் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற காற்றாலைப் பராமரிப்புப் பணியாளர்,
ஆரல்வாய்மொழி, தோவாளை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: ஒன்றிய மின்துறைக்கும் பெட்ரோலியத் துறைக்கும் பரிந்துரை அனுப்ப வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பந்தல் பக்கம் காத்தாடிகளில் வேலை பார்த்தவன் நான். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். அப்போது பார்த்து, 'மின்சாரம் கொண்டுபோக லைனில் இடமில்லை, நிறுத்து' என்று போன் வரும். நல்ல காற்றில் என் கையாலேயே நிறுத்தியிருக்கிறேன்.

2024 ஆகஸ்டில், கொச்சியிலிருந்து திரவமாக்கிய இயற்கை எரிவாயுவைக் கன்டெய்னர்களில் கொழும்பு அருகே கெரவலப்பிட்டிய மின்நிலையத்துக்கு அனுப்பப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. 2025 ஏப்ரலில், இந்தியா, இலங்கை இரு நாட்டு மின்கட்டமைப்பையும் இணைக்க இன்னொரு ஒப்பந்தம். முதலாவதைப் பார்ப்பது பெட்ரோலியத் துறை, அடுத்ததைப் பார்ப்பது மின்துறை. வாங்கப்போவதோ ஒரே நாடு. கம்பியில் எவ்வளவு மின்சாரம் போகும் என்று தெரியாமல், எவ்வளவு எரிவாயு வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

எங்கள் காற்றே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. தென்மேற்குப் பருவத்தில் இங்கே காற்று என்றால், அதே மாதங்களில் இலங்கை மலையிலும் மழை, அவர்கள் நீர்மின் அணையில் தண்ணீர். மாசி, பங்குனியில் இங்கே காத்தாடி சோம்பும், அங்கே அணையும் வற்றும். எரிவாயு கட்டாயம் வேண்டியது அப்போதுதான். எரிவாயு ஒப்பந்தங்களில், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஆண்டு முழுக்க ஒரே அளவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஆடியில் நம் மின்சாரத்தை அவர்கள் ஏன் வாங்கப்போகிறார்கள்? ஆகவே இரண்டு துறைகளும் சேர்ந்து உட்கார்ந்து, மாதவாரியாகக் கணக்குப் போட வேண்டும். அதில் ஆரல்வாய்மொழிக் காற்றையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் கடல். கொச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல் நம் முனையைச் சுற்றித்தான் போகும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய சரக்குக் கப்பலின் பிளாஸ்டிக் குருணை நம் கரை வரை வந்து ஒதுங்கியது. எரிவாயு அப்படி ஒதுங்காது, சரி. ஆனாலும் கப்பல் தடத்தை முடிவு செய்யும் முன் குளச்சல், சின்னமுட்டம் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இம்மனுவைத் தங்கள் பரிந்துரையுடன் இரு துறைகளுக்கும் அனுப்பி, பதிலை எனக்குத் தமிழில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: காத்தாடி நிறுத்தச் சொன்ன நாட்களைக் குறித்து வைத்த என் டைரிப் பக்கங்களின் நகல்.