பட்டியலைப் பாதியாகக் குறை

அன்புள்ள தம்பிக்கு,

டிசம்பரில் பிள்ளைகளோடு சிங்கப்பூர் வரும்போது பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை அப்பாவும் நானும் உட்கார்ந்து படித்தோம். ஒரு வாரத்துக்குள் அத்தனை அரும்பொருளகம், அத்தனை பூங்கா, நடுவில் செந்தோசாத் தீவு வேறு. ஆறு வயசுப் பையனையும் மூன்று வயசுக் குட்டியையும் வைத்துக்கொண்டு இதில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. அப்படியே பார்த்தாலும் டாக்சியில் ஏறினதும் இறங்கினதும்தான் அவர்களுக்கு நினைவிருக்கும். கோபப்படாமல் கேள். ஒரு நாளைக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, அவ்வளவுதான்.

டிசம்பர் இங்கே எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்திருக்காது. காலையில் பளிச்சென்று இருக்கும், மத்தியானம் ஆனால் வானத்தைப் பிய்த்துக்கொண்டு கொட்டும். அதனால் எட்டு மணிக்கெல்லாம் பூங்காவில் இருக்க வேண்டும், வெயில் ஏறினதும் ஏசி உள்ள இடத்துக்குள் போய்விட வேண்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் வீடு. சாயங்காலம் எங்கேயும் கூட்டிக்கொண்டு அலைய வேண்டாம், நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே விளையாட்டுத் திடல் இருக்கிறது.

பூமலையிலிருந்து, அதான் தாவரவியல் பூங்காவிலிருந்து, ஆரம்பி. 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலம் ஆனது, காலை ஐந்து மணிக்கே திறந்திருக்கும், காசு கிடையாது. ஆனால் 82 ஹெக்டர். முழுசாகச் சுற்றலாம் என்று நினைத்தால் குட்டியை நீதான் தூக்கிக்கொண்டு நடப்பாய். புக்கிட் தீமா பக்கம் உள்ள ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்துக்கு மட்டும் போ. தண்ணீர் விளையாட்டு, மரவீடு, சறுக்குமரம் எல்லாம் அங்கேதான். மாற்றுத் துணி கட்டாயம். பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் போனால் அங்கே உள்ளே விடமாட்டார்கள், ஆக எனக்கே பேரப்பிள்ளைகளை வைத்துத்தான் அனுமதி! ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தைப் பெரியவனுக்குக் காட்ட ஆசையென்றால் அது தங்லின் பக்கம், இன்னொரு நாள் போகலாம். அதன் பக்கத்தில் நேப்பியரில் எம்ஆர்டி ரயில் நிலையம் வந்துவிட்டது, நீ ஊரில் இருந்தபோது அது இல்லை.

அரும்பொருளகங்களில் எதை விட்டாலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தை விடாதே. உன் பையனுக்கு டைனோசர் என்றால் சோறு தண்ணி வேண்டாமே. அங்கே மூன்று நீளக்கழுத்து டைனோசர்களின் எலும்புக்கூடு வரிசையாக நிற்கிறது, மூன்றும் அமெரிக்காவில் வயோமிங்கில் தோண்டியெடுத்தவை. பெரியதற்குப் பெயர் பிரின்ஸ், 27 மீட்டர், இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. சின்னது டுவிங்கி, குட்டிக்கு அது போதும். அப்புறம் திமிங்கிலம். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்குப் பக்கத்தில் செத்து மிதந்த எண்ணெய்த் திமிங்கிலம் அது. ஊர் பொன்விழா கொண்டாடிய வருஷம் என்பதால் ஜூபி லீ என்று பெயர் வைத்தார்கள். அதன் வயிற்றுக்குள் பிளாஸ்டிக்கும் இருந்ததாம். இதை நீ சொல்லாதே, பெரியவனே அங்கே பார்த்துக் கேட்கட்டும், உன்னைக் கேள்வியால் துளைத்துவிடுவான்.

இன்னொன்று ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம். நீ அதைப் பட்டியலில் கடைசியில் போட்டிருக்கிறாய், நானாக இருந்தால் மேலே போடுவேன். ஆனால் முழுக் கட்டடமும் வேண்டாம், சீனாவின் தாங் அரச காலத்துக் கப்பல் சரக்கு இருக்கும் கூடம் மட்டும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுப் பக்கம் மூழ்கிப்போன அரபுக் கப்பல், ஆணி அடிக்காமல் பலகையைக் கயிறால் தைத்துக் கட்டியது. 1998-இல்தான் கண்டுபிடித்தார்கள். உடையாமல் இருக்க, பெரிய ஜாடிக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். எல்லாக் குறிப்பையும் நின்று படிக்கும் உன் பழக்கத்தை இந்த ஒரு வாரம் மூட்டை கட்டி வை. வெளியே வந்தால் செட்டியார் வியாபாரம் பேசுகிற சிலை இருக்கும், அப்படியே கேவனா பாலத்துப் பக்கம் போனால் ஆற்றுக்குள் குதிக்கிற பையன்களின் சிலை. பிள்ளைகள் அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறார்கள், நிற்கட்டும்.

தேக்காவுக்கு, லிட்டில் இந்தியா பக்கம், எப்படியும் மருமகள் சாமான் வாங்க வருவாள். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது, அங்கே ஒரு செட்டிநாட்டு வாசல், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன உருவம் செதுக்கியது. அதில் யானை எங்கே என்று தேடச் சொல், அரை மணி நேரம் ஓடிவிடும். அதற்கு மேல் மூன்று வயசுக்குத் தாங்காது, கீழே இறங்கித் தோசைக்கடைக்குப் போய்விடலாம்.

நீ சின்ன வயசில் போன ஜூரோங் பறவைப் பூங்கா இப்போது அங்கே இல்லை, மண்டாய்க்குப் போய்விட்டது, 2023-இல் திறந்தார்கள். விலங்குத் தோட்டமும் அங்கேதான் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நீ எழுதியிருப்பது சரிப்படாது. ஒன்றைத் தேர்ந்தெடு. இரவு சஃபாரியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடு, அது தொடங்கும் நேரம் குட்டி தூங்கும் நேரம். கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) டிக்கெட் வாங்கும் கண்ணாடிக் கூடங்கள் பெரியவர்களுக்குத்தான் பிடிக்கும், பிள்ளைகளுக்கு வெளியே உள்ள சிறுவர் தோட்டம் போதும், அது இலவசம்.

திங்கட்கிழமையைப் பார்த்து வை. ஜேக்கப் பாலஸ், டைனோசர், இந்திய மரபுடைமை நிலையம், கரையோரச் சிறுவர் தோட்டம், எல்லாவற்றுக்கும் அன்றைக்கு லீவு. நீ சரியாகத் திங்கட்கிழமையில்தான் பாதியைப் போட்டிருக்கிறாய். அன்றைக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மணல் விளையாட்டு, மழை வந்தால் ஆசிய நாகரிக அரும்பொருளகம், அது திறந்திருக்கும். உன் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா, தேசிய அரும்பொருளகங்களில் சிங்கப்பூர்க்காரர்களான நமக்குப் பொதுவான நுழைவு இலவசம்.

கோல்மன் ஸ்திரீட்டில் முன்னே தபால்தலை அரும்பொருளகம் இருந்ததே, அது இப்போது பன்னிரண்டு வயசுக்குள் உள்ளவர்களுக்கான சிறுவர் அரும்பொருளகம். அதற்கு முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும், விடுமுறையில் சீக்கிரம் நிரம்பிவிடும். எந்த நாள் வேண்டும் என்று மருமகளிடம் கேட்டு இந்த வாரத்துக்குள் சொல், அப்பா பதிந்து வைப்பார்.

அம்மா