மூன்று ஞாயிறு, மூன்று நாடு: கோடை விடுமுறைக் கடிதம்

பெற்றோர்களுக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு லீவு நீளம். பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போகிற உங்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ், செலவு, கூட்டம். அமுச்சி வீட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு, மீதி நாளெல்லாம் பிள்ளை போனும் கையுமாகத்தான் இருக்கிறது. அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். மே மாத ஞாயிறுகளில் மூன்றை ஒதுக்கி, வீட்டிலிருந்தபடியே மூன்று நாடுகளுக்குப் போய் வாருங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு நாடு, ஒரு சாப்பாடு, ஒரு படம். அதற்கு மேல் வேண்டாம். நாலு பதார்த்தம் செய்யப் போனால் அம்மா அடுப்படியிலேயே நிற்பார், பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றே ஒன்று என்றால் பிள்ளையே அளக்கும், கழுவும், பிடிக்கும், சுடும். இது வீட்டுப்பாடம் அல்ல. மார்க் கிடையாது, போட்டோ எடுத்து குரூப்பில் போடவும் வேண்டாம்.

படத்துக்கான வேலையைச் சனிக்கிழமை இரவே முடித்துவிடுங்கள். உங்களிடம் உள்ள ஓடிடியில் படம் இருக்கிறதா, வாடகைக்குக் கிடைக்கிறதா, சப்டைட்டில் வருகிறதா என்று ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு காலையில் தேட ஆரம்பித்தால் கடைசியில் கார்ட்டூன் சேனலில்தான் வந்து நிற்கும். டெலிகிராமில் திருட்டுப் பிரதி எடுக்காதீர்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் முழுதாகப் படித்து முடிக்க முடியாது, வரி அதற்குள் மறைந்துவிடும். யாராவது பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் ஒரே வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தால் போதும். ஒவ்வொரு வார்த்தையையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

முதல் ஞாயிறு ஜப்பான். படம், 1988-இல் ஹயாவோ மியாசாகி எடுத்த ‘மை நெய்பர் டோட்டோரோ’, 86 நிமிடம். வில்லனே கிடையாது. கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் அக்கா தங்கை இருவரின் கதை. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாக வரும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்தால், இதை முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவும் மகள்களும் சேர்ந்து குளிக்கும் காட்சி ஒன்று உண்டு. அப்போது ரிமோட்டைத் தேட வேண்டாம். தொட்டிக்கு வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரே தொட்டிச் சுடுநீரில் குடும்பமாக ஊறுவது அங்கே வழக்கம் என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். படத்தில் வரும் பெரிய கற்பூர மரத்தில் கயிறு சுற்றியிருப்பதைக் காட்டுங்கள். நம் ஊர்க் கோயில் வேம்புக்கு மஞ்சள் துணி கட்டுவதைப் பிள்ளையே சொல்லும்.

சாப்பாடு ஒனிகிரி, அதாவது சோற்று உருண்டை. நம் பொன்னிப் புழுங்கலரிசியில் இது வராது. புழுங்கலரிசிச் சோறு உதிரியாக நிற்கும், பிடித்தால் பிரிந்துவிடும். பொங்கலுக்கு வாங்குவதுபோல் புதுப் பச்சரிசி வாங்குங்கள். பழைய அரிசியைவிடப் புதிய அரிசி நன்றாக ஒட்டும். ஒரு டம்ளர் அரிசியைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டரை டம்ளர் தண்ணீரில் குக்கரில் மூன்று விசில். கஞ்சி வடிக்கக் கூடாது. வினிகர் சேர்ப்பது சூஷி என்னும் இன்னொரு ஜப்பானியச் சோற்றுப் பண்டத்துக்கு, இதற்கு வேண்டாம்.

கை பொறுக்கும் சூட்டில் பிடிக்க வேண்டும். ஆறிப்போனால் சோறு இறுகி ஒட்டாது. பிள்ளை இரண்டு கையையும் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பைத் தேய்த்துக்கொள்ளட்டும். ஒரு கைப்பிடிச் சோறு, நடுவில் குழி, குழியில் அரை டீஸ்பூன் ஊறுகாய். அங்கே உப்பில் போட்ட உமே பழம் வைப்பார்கள். அதன் புளிப்புக்கும் உப்புக்கும் நம் உப்பு நார்த்தங்காய் பக்கத்தில் வரும். மூடி, ஒரு கையை ‘ட’ மாதிரி மடக்கி, திருப்பித் திருப்பி மூன்று நாலு தடவை அழுத்தினால் முக்கோணம் வந்துவிடும். கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல் இறுக்கினால் கல்லாகிவிடும். நோரி என்னும் கடற்பாசித் தாள் கிடைத்தால் சாப்பிடும்போது சுற்றுங்கள். முன்பே சுற்றினால் ஈரத்தில் நமுத்துத் தோல்போல் இழுக்கும். கிடைக்காவிட்டால் வறுத்த எள்ளில் ஒரு புரட்டு. நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துவிடும்.

இரண்டாவது ஞாயிறு ஈரான். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, 1997, 89 நிமிடம். மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ள எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். தங்கையின் ஷூவை அண்ணன் தொலைத்துவிடுகிறான். அவளுக்குக் காலையில் பள்ளி, அவனுக்கு மதியம். ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு காட்சியில் அப்பா பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருப்பார். தன் டீக்கு அதிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கமாட்டார். அந்த இடத்தில் நிறுத்தி, ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். இந்தக் கதை 2022-இல் தமிழில் ‘அக்கா குருவி’ என்று வந்தது. சப்டைட்டில் சிரமம் என்றால் அதைப் பார்க்கலாம். ஆனால் முடிந்தவரை மூலப் படத்தையே முயலுங்கள்.

நம் வீட்டில் அரிசியும் பருப்பு சாதம் அடிப்பிடித்தால் அடுத்து வருவது பேச்சு. ஈரானில் அந்த அடிச்சோற்றுக்குத்தான் போட்டி. அதற்குப் பெயர் தாஹ்திக். பானையின் அடி என்று பொருள். இரண்டு டம்ளர் பாஸ்மதியை உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நிறையத் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, ஆறு ஏழு நிமிடத்தில் ஒரு பருக்கையைக் கடித்துப் பாருங்கள். வெளியே மெத்தென்று, நடுவில் ஊசிமுனையளவு கடினம் இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். அடி கனமான நான்ஸ்டிக் பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி ஊத்துக்குளி நெய். இரண்டு கரண்டிச் சோற்றில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரும் குங்குமப்பூ ஊறிய வெந்நீரும் கலந்து அடியில் பரப்புங்கள். மீதிச் சோற்றைக் குன்றாகக் குவித்து, கரண்டிக் காம்பால் ஐந்து துளை போடுங்கள். எட்டு நிமிடம் நடுத்தரத் தீ. பிறகு மூடியைத் துணியால் சுற்றி மூடி, சிம்மில் முப்பத்தைந்து நிமிடம். துணி இல்லாவிட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டிச் சோறு குழைந்துவிடும். துணியின் நான்கு முனைகளையும் மூடிக்கு மேலே முடிச்சுப் போட்டுவிடுங்கள், தொங்கினால் தீப்பிடிக்கும். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் மூன்றால்: மெல்லிய அலுமினியப் பாத்திரம் நடுவில் கருகும், நீர்த்த தயிரில் மொறுமொறுப்பு வராது, அடிக்கடி திறந்தால் ஆவி போய்விடும். இறக்கியதும் பாத்திரத்தின் அடியை ஒரு நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்துத் தட்டில் கவிழ்த்தால் பொன்னிறத் தட்டையாக வந்து விழும். குங்குமப்பூ இல்லையென்று மஞ்சள்தூள் போடாதீர்கள். நிறம் வரும், மணம் வராது. குங்குமப்பூ இல்லாமலே செய்யலாம். தொட்டுக்கொள்ளத் தாளிக்காத வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. பிறகு பால் சேர்க்காத டீ: சர்க்கரையைக் கரைக்காமல் ஒரு கற்கண்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவது அவர்கள் பழக்கம். பிள்ளைகளுக்கு வெளிர் டீயாக அரை கிளாஸ் போதும்.

மூன்றாவது பிரான்ஸ், எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரைக்கும் இதுவே நல்ல தொடக்கம். ‘தி ரெட் பலூன்’, 1956, 34 நிமிடம், பேச்சு மிகக் குறைவு. கடைசியில் பையன்கள் பலூனைக் கல்லால் அடிப்பார்கள்; சின்னவர்கள் அழக்கூடும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குக் க்ரெப், அதாவது மெல்லிய மைதா தோசை: மைதா 125 கிராம், பால் 250 மில்லி, முட்டை இரண்டு, உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. கட்டியில்லாமல் கலக்கி அரை மணி நேரம் விட வேண்டும், மாவு பாலைக் குடிக்க; உடனே ஊற்றினால் கிழியும். தோசைபோல் கரண்டியால் தேய்க்காமல், கல்லைச் சாய்த்து ஓடவிட வேண்டும். இரும்புக்கல் பிள்ளைக்குக் கனம், லேசான தவா எடுங்கள். முதல் க்ரெப் சூடு சரிபார்க்கத்தான். சர்க்கரையும் எலுமிச்சையும் தூவி மடியுங்கள்.

நாற்பது பக்க நோட்டில் பிள்ளை ஒரு பாஸ்போர்ட் செய்துகொள்ளட்டும். நாட்டுக்கு ஒரு பக்கம். பாதியாக வெட்டிய வெண்டைக்காயை இங்க்கில் தொட்டால் முத்திரை தயார். அதன் கீழே மணி எழுத வேண்டும்: மே மாதத்தில் இங்கே பகல் 12 என்றால் ஜப்பானில் பிற்பகல் 3.30, ஈரானில் காலை 10, பிரான்ஸில் 8.30. ஏன் என்று கேட்டால் ஒரு எலுமிச்சம்பழத்தையும் டார்ச்சையும் கையில் கொடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் ஒரு முறை பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். பால், முட்டை, எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள். உலக வரைபடம் இல்லாத வீட்டுக்குப் பள்ளி அலுவலகத்தில் ஒரு பிரதி வைத்திருக்கிறோம். வேலை நாட்களில் காலை 10 முதல் 12 வரை வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்