கொடிமலைக்கு வழிகாட்டிகள் வேண்டும்: பினாங்கு மாநில அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநில முதலமைச்சர் அவர்களுக்கும், சுற்றுலா, சுற்றுச்சூழல் பொறுப்புகளில் இருக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், கொடிமலையையும் தெலுக் பாஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் ஆயர் ஈத்தாமில் பிறந்து, இந்த மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை கொடிமலை உச்சியில் நடந்த சிறு நிகழ்ச்சிதான் இந்த மடலை எழுத வைத்தது.

மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. மலைரயிலில் ஏறி வந்து, ஜார்ஜ்டவுனும் பாலமும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, அருளொளித் திருமுருகனைக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு ஐஸ் கச்சாங் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தமிழில் பேசுவதைக் கேட்டு என்னிடம் வந்த அந்தத் தந்தை, "இங்கே வேறு என்ன ஐயா பார்க்கலாம்? அவ்வளவுதான் என்றால் இறங்கிவிடுவோம்" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பத்து அடி தூரத்தில் ஒரு மரம். அதன் தண்டில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மலாயில் குபோங் எனப்படும் மரவாழ் விலங்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கையை நீட்டிக் காட்டினேன். ஐவரில் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. சாம்பலும் பாசிப்பச்சையும் கலந்த அதன் மேல்தோல் மரப்பட்டையோடு பட்டையாகக் கிடந்தது. "பட்டையின் விளிம்பைப் பாருங்கள், அங்கே ஒரு நகம் தெரியும்" என்றேன். முதலில் சின்னவள் கண்டுபிடித்தாள். பிறகு தோல்மடிப்பு இலேசாக விலகியது. உள்ளேயிருந்து இரண்டு பெரிய கண்களோடு ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. பாட்டி வாயைப் பொத்திக்கொண்டார். கழுத்திலிருந்து விரல் நுனி வரை, வால் நுனி வரை விரியும் அந்தத் தோலை வைத்துக்கொண்டு அது இரவில் நூறு மீட்டருக்கு மேலும் காற்றில் மிதந்து போகும் என்று சொன்னேன். கீழே இறங்க அவசரப்பட்ட அந்தக் குடும்பம் அந்த மரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மலையடிவாரத்தில் வாழ்ந்த எனக்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை குபோங்கைப் பார்க்கத் தெரியாது. மரத்தைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது உலகின் மறுபக்கத்தில், நமக்குப் பதினான்கு மணி நேரம் பின்தங்கிய மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு என் மகள் என்னை அங்கே அழைத்துப் போனாள். விமானம் மாறி மாறி ஒன்றரை நாள் பயணம். சரவாக்கில் பாதிகூட இல்லாத நாடு அது. மலை, மழை, மேகம், கடல், வாழை, காப்பித் தோட்டம் எல்லாம் நம் ஊரைப் போலத்தான். முதல் இரண்டு நாள், இதைப் பார்க்கவா இவ்வளவு செலவு செய்து வந்தோம் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவில் அந்த எண்ணம் போயிற்று.

வாசலிலேயே பைகளைத் திறந்து பார்த்து, பொட்டலத் தின்பண்டங்களை வெளியே வைக்கச் சொன்னார்கள். ஏன் என்று எங்கள் வழிகாட்டி விளக்கினார்: மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய குரங்கு காட்டில் இரை தேடுவதை மறந்துவிடும், பிறகு கடிக்கவும் தொடங்கும். உள்ளே போய் நூறு அடிகூட நடக்கவில்லை. அவர் நின்று, தோளில் இருந்த முக்காலியை இறக்கித் தொலைநோக்கியைப் பொருத்தி, ஒரு செக்ரோப்பியா மரத்தின் உச்சியைக் காட்டினார். எனக்குத் தெரிந்தது கிளையில் சிக்கிய தேங்காய் மட்டை போன்ற ஒன்று. கண்ணாடி வழியே பார்த்தபோது அந்த மட்டைக்கு முகம் இருந்தது. ஸ்லாத் என்னும், மிக மெதுவாக நகரும் மரவாழ் விலங்கு. ஒரு கையை எடுத்து அடுத்த கிளையில் வைக்க அதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நகங்களும் தெளிவாகத் தெரிந்தன. முடியில் படர்ந்திருப்பது அழுக்கில்லை, பாசி என்றார். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மலம் கழிக்க மரத்தை விட்டு இறங்கும் என்றார். அந்த ஒரு மரத்தடியில் அவர் நடத்திய பாடத்தை, முப்பத்திரண்டு ஆண்டு பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நான் என் வகுப்பில் ஒருநாளும் நடத்தியதில்லை.

அதன் பிறகு எங்கே போனாலும் வழிகாட்டிகளைத்தான் கவனித்தேன். அங்கே அது படித்து, தேர்வு எழுதி, அரசு உரிமம் பெற்றுச் செய்யும் தொழில். நாட்டின் தொழிற்பயிற்சி நிறுவனமே அதற்குப் பாடம் நடத்துகிறது. பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்களே அந்த வேலையில் இருக்கிறார்கள். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறார்கள். ஸ்பானிய மொழியோடு ஆங்கிலமும் பேசுகிறார்கள். ஜெர்மன் பேசிய ஒருவரையும் பார்த்தேன். அந்தத் தொழிலில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள்.

தொர்த்துகேரோவில் ஓர் இரவு. சாலை இல்லாத ஊர் அது, படகில்தான் போக வேண்டும். பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும் காலம். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது, கருநிற உடை, கைப்பேசி, கேமரா எதுவும் கூடாது. வழிகாட்டியின் கையில் மட்டும் மங்கலான ஒரு சிவப்பு விளக்கு. கடற்கரையில் ஆமை எங்கே ஏறியிருக்கிறது என்று முன்னால் சென்று பார்த்து வானொலியில் சொல்வதற்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் கும்பலாக மணலில் அலைந்து ஆமையைக் கடலுக்கே திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகே எங்களை அருகில் விட்டார்கள். எலுமிச்சம்பழ அளவில், ஈரமாக, இரண்டும் மூன்றுமாக முட்டைகள் விழுந்தன. ஆமை மூச்சு விடும் ஓசை, வேலை செய்து களைத்த மனிதர் விடும் பெருமூச்சைப் போலவே இருந்தது. திரும்பி நடக்கும்போது வழிகாட்டி சொன்னார்: அவருடைய தாத்தா இதே கரையில் ஆமை பிடித்து விற்றவர். பேரன் அதே ஆமையை உயிரோடு காட்டிக் குடும்பம் நடத்துகிறார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பந்தாய் கெராச்சுட் கரைக்கும் இதே பச்சைக் கடலாமைதானே வருகிறது!

கோஸ்டா ரிகா பிறவியிலேயே பசுமையாக இருந்த நாடு அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1940களில் நாட்டின் முக்கால் பங்கு காடாக இருந்தது. மாட்டுப் பண்ணைக்காக வெட்டி வெட்டி, 1980களில் ஏறத்தாழ கால் பங்குதான் மிஞ்சியது. 1996இல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். எரிபொருள் வரியிலிருந்து பணம் எடுத்து, தன் நிலத்தில் காட்டைக் காக்கும் விவசாயிக்கு 1997 முதல் ஊதியம் தந்தார்கள். இன்று பாதிக்கு மேல் மீண்டும் காடு. மொந்தெவெர்தே மேகக்காட்டின் அருகே 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கும் சிறுவர் காடு, 1987இல் சுவீடனில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காசு சேர்த்ததில் தொடங்கியது. ஆசிரியனான எனக்கு அதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. அங்கேயும் குறைகள் உண்டு. அன்னாசித் தோட்டங்கள் பரவுகின்றன, விலைவாசி கடுமை, சில பூங்காக்களில் நெரிசல். ஆனால் காடு நின்றால்தான் நமக்குச் சோறு என்று நினைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே உருவாகிவிட்டன. அதில் பெரும் பங்கு வழிகாட்டிகளுக்கு உண்டு என்பது நான் கண்ணால் கண்டது.

நம்மிடம் என்ன குறைவு? 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 12,481 ஹெக்டேர், மலையுச்சி முதல் கடல்வரை. மலேசியாவில் இந்தத் தகுதி பெற்ற மூன்றாவது இடம் நம்முடையது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள், பிறந்த குட்டி மட்டும் மஞ்சள் நிறத்தில் தாயின் வயிற்றில் தொங்க, வீட்டு வேலிவரை வருகின்றன. அவை வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு தெலுக் பாஹாங்கில் 2019இல் ஒரு தொங்குபாலம் கட்டியவர்கள் நம் பினாங்கு இளைஞர்கள்தாம். குரங்குக்குப் பாலம் கட்டத் தெரிந்த ஊர், அந்தக் குரங்கைக் காட்டி வாழும் ஆட்களையும் உருவாக்க முடியும்.

நான் கேட்பது அதைத்தான். மலையடிவாரத்திலும் தெலுக் பாஹாங்கிலும் பாலிக் பூலாவிலும் வாழும் இளைஞர்களிலிருந்து இயற்கை வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். மாநிலச் செலவில் பயிற்சி கொடுங்கள். இயற்கை வழிகாட்டிக்கான பச்சை அட்டை என்ற உரிமம் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்கும் வழியைச் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கும் எட்டும்படி செய்யுங்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுங்கள், இல்லாவிட்டால் வசதியுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் சேர்த்து நான்கு மொழியிலும் ஆட்கள் இருக்க வேண்டும்.

தமிழை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. மறு ஆண்டு டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து பாட்டியும் பேரனுமாகக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கோயில், கடைத்தெரு, மலைரயில், படம் என்று இரண்டு நாளில் அனுப்பிவிடுகிறார்கள் பயண ஏற்பாட்டாளர்கள். அந்தக் குடும்பத்துக்குத் தன் மொழியில் காட்டைக் காட்ட ஓர் ஆள் கிடைத்தால் மூன்றாம் நாளும் தங்கும். வெளியூராரை விடுங்கள், நம் மக்களுக்கே அது வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் 513 படிகள் ஏறுகிறோம். தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுக்கிறோம். அந்தக் கோயிலுக்குப் பின்னால் தொடங்கும் காட்டில் என்ன மரம் நிற்கிறது, எந்தப் பறவை கூவுகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

என் பழைய மாணவன் ஒருவன் மலையடிவாரத்தில் வளர்ந்தவன். வகுப்பில் பாடம் நடக்கும்போது சன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "இருவாட்சி பறக்கிறது சார்" என்பான். வெளியே போய்ப் பார்த்தால் உண்மையாகவே பறந்துகொண்டிருக்கும். இறக்கை ஓசையை வைத்தே கண்டுபிடிப்பான். கவனம் சிதறுகிறது என்று அவனை நான் கண்டித்திருக்கிறேன். இன்று அவன் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் விநியோகம் செய்கிறான். அது உழைத்து வாழும் வேலை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காதுக்கு உரிமம் கொடுக்க இந்த மாநிலத்தில் வழி இருந்திருக்க வேண்டும். அப்போது நானும் அவனைக் கண்டித்திருக்க மாட்டேன்.

கொடிமலைக்குக் கட்டப்பட்டு வரும் கேபிள் கார் இயங்கத் தொடங்கினால் மலையில் கூட்டம் இன்னும் பெருகும். மேலே கொண்டுவந்து விடுவதற்கு இயந்திரம் இருக்கும்போது, வந்தவர்களை நிறுத்திக் காட்டுவதற்கு மனிதர் இல்லாவிட்டால் அவர்கள் கடைகளைச் சுற்றிவிட்டு, குரங்குக்கு ரொட்டி போட்டுவிட்டு இறங்குவார்கள். ஆகவே பயிற்சியை அதற்கு முன்பே தொடங்குங்கள். நுழைவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குங்கள். முதல் ஆண்டில் இருபது பேர் போதும். தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டு மாணவர்கள், தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று வேறுபாடில்லாமல், ஆண்டுக்கு ஒருநாள் அந்த இருபது பேரோடு காட்டில் நடக்கட்டும். வழிகாட்டிகளுக்கும் நிலையான வேலை கிடைக்கும்.

தமிழில் பயிற்சி நடத்தப் பெயர்களுக்கு எங்கே போவது என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இந்த மலையில் பார்க்கும் மரம், பறவை, விலங்குகளின் தமிழ்ப் பெயர்களை, பழைய தோட்டத்து முதியவர்களிடமும் கேட்டு, மலாய்ப் பெயரோடு எழுதி வருகிறேன். 140 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. கேட்டால் இலவசமாகத் தருவேன். குபோங்குக்கு மட்டும் தமிழ்ப் பெயர் கிடைக்காமல் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. அந்தச் சனிக்கிழமை, குட்டியைத் தோலால் போர்த்திக்கொண்டு மரத்தோடு அணைந்திருந்ததைப் பார்த்துவிட்டு மதுரைப் பாட்டி, "துப்பட்டிக்காரி" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயரை எழுதிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு