மகப்பேறு விடுப்புக் காலத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களை அழைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதங்களாகத் தமிழ்நாடு அரசு உயர்த்தியது மனமார வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், அந்த ஓராண்டு முழுவதும் வகுப்பை யார் நடத்துவது என்பதற்கு ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் இன்னும் நிறைவான ஏற்பாடு இல்லை. ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவரே ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஓரிடத்தில் அமர்த்தி, பாடமும் நடத்தி, எமிஸ் என்னும் பள்ளி விவர இணையதளத்தின் பதிவுகளையும் முடித்து, கூட்டங்களுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. மாற்றுப் பணியில் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அனுப்பினால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது. தமக்கு உரிமையான விடுப்பைக்கூடச் சக ஆசிரியரின் சுமையை எண்ணித் தயங்கிக் கேட்கும் நிலை எந்த ஆசிரியைக்கும் வரக்கூடாது.

இந்த இடத்துக்குத்தான் ஓய்வு பெற்ற ஆசிரியர்களை அழைக்க வேண்டும் என்கிறேன். கல்வியாண்டின் இடையில் ஓய்வு வயதை எட்டுவோரை ஆண்டு இறுதிவரை மறுநியமனத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதையே சற்று விரித்து, விருப்பமுள்ளோரின் பட்டியலை ஒவ்வொரு வட்டாரக் கல்வி அலுவலகமும் ஜூன் மாதத்துக்கு முன்பே தயாரித்து வைக்கலாம். உடல்நலத்தோடு, சொந்த ஊரிலேயே இருந்து, இன்றும் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முறையாக அழைத்தால் அவர்களில் பலர் வருவார்கள் என்றே நம்புகிறேன்.

அழைக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க முடிவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. முழு நேரம் கற்பிப்பவருக்கு அது எவ்வகையிலும் தகுந்த ஊதியம் அல்ல. ஓய்வூதியம் வருகிறதே என்று காரணம் காட்டி மூத்தவர்களுக்கும் அப்படிக் குறைத்துக் கொடுப்பது அவர்களின் உழைப்பை மதியாத செயலாகிவிடும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக அதே ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கு முன்பே பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இன்றைய பயிற்சி நூல்களும் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்பக் குழுவாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையும் புதியவை என்பதால், வட்டார வள மையத்தில் அவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியாவது அளிக்க வேண்டும். எமிஸ் வேலையை அவர்கள் தலையில் கட்டவே கூடாது.

ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றும் பணி கிடைக்காமல் காத்திருக்கும் இளைஞர்கள் இதைக் கேட்டு வருந்தினால் அந்த வருத்தம் முழுக்க நியாயமானது. நிரந்தரப் பணியிடங்களில் ஒன்றைக்கூட மூத்தவர்களைக் கொண்டு நிரப்பக் கூடாது. விடுப்புக்கால இடங்களையும் முதலில் இளைஞர்களுக்கே அளித்து, எவரும் வர முன்வராத பள்ளிகளுக்கு மட்டும் இந்தப் பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். கல்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் உள்ள சிற்றூர்களுக்குச் சில மாதப் பணிக்காக வெளியூரிலிருந்து ஆள் கிடைப்பது அரிது. அங்கே அருகிலேயே குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியரைத் தேடிச் சென்று கேட்பதைப் பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.