மேற்கோளோடு ஆண்டையும் எழுது

அன்புள்ள தம்பிக்கு,

பணம் அனுப்பியிருக்கிறேன், வந்ததா பார். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. போனை நீ எடுப்பதில்லை. ஸ்டேட்டஸில் மட்டும் சீனத் தலைவர் மாவோவின் வாசகம் தவறாமல் வருகிறது. நீ இவ்வளவு படிப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் ஒவ்வொரு மேற்கோளுக்குக் கீழேயும் ஆண்டைப் போடு. ஆண்டு தெரியாமல் மாவோவைப் படிக்கக் கூடாது.

நேற்று நீ வைத்திருந்த வாசகம், விசாரிக்காதவனுக்குப் பேச உரிமையில்லை என்பது, 1930 மே மாதத்துக் கட்டுரையில் வருவது. அப்போது அவர் ஜியாங்சி மாகாணத்துச் சுன்வூவில் இருந்தார். புத்தகத்தில் இருப்பதாலேயே சரி என்று வாதாடிய சொந்தக் கட்சிக்காரர்களைத்தான் அதில் கண்டித்தார். கட்டுரையின் கடைசிப் பகுதியை நிதானமாகப் படி. எப்படி விசாரிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார். ஒருவரின் அனுபவத்தை மட்டும் நம்பாதே, ஆட்களைக் கூட்டி விவாதி. குறைந்தது மூன்று பேராவது வேண்டும். நடத்தத் தெரிந்தவர் இருபது பேரைக்கூட உட்காரவைக்கலாம். கேள்விகளை முன்பே எழுதிக்கொள். 'வியாபாரம்' என்று பொதுவாகக் கேட்டால் போதாது. துணி, தானியம், மூலிகை என்று பிரி, துணியிலும் கைத்தறியா பட்டா என்று கேள். என்ன பதவியில் இருந்தாலும் நேரில் போ. குறிப்பை நீயே எடு.

சுன்வூவில் அவர் அப்படித்தான் செய்தார். அங்கே நிலத்தில் 40 சதவீதம் குலக்கோயில் போன்ற பொதுச் சொத்து, 30 நிலவுடைமையாளர்களுடையது, 30 விவசாயிகளுடையது என்று தெரிந்தது. பண்ணையாரை மட்டும் தேடிப் போயிருந்தால் அந்தப் பெரிய பங்கு கண்ணிலேயே பட்டிருக்காது.

1943இல் இதையே தலைமைக்கான முறையாக்கினார். மக்களிடம் சிதறிக் கிடக்கும் கருத்துகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, அவர்களிடமே கொண்டுபோய், செயலில் சோதித்து, மறுபடி திரட்டுவது. கீழே இருப்பவன் உள்ளதைச் சொல்லப் பயந்தால் இது அத்தனையும் படுத்துவிடும்.

படுத்ததும் தெரியுமல்லவா? மாவோ ஆட்சியில், 1958 தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். பின்னால் திருத்திய கணக்கு 20 கோடி. பொய்க் கணக்குப்படி கொள்முதல் நடந்தது, கிராமத்தில் சோறில்லை. பாதுகாப்பு அமைச்சர் பெங் தேஹுவாய் ஹுனானுக்கு நேரில் போய்ப் பார்த்தார். 1959 ஜூலை 14 அன்று, கட்சிக் கூட்டம் நடந்த லுஷானில், குறைகளை எழுதி மாவோவுக்குக் கடிதம் கொடுத்தார். 1930 கட்டுரை சொன்னதைத்தான் அந்த மனிதர் செய்தார்! மாவோ அதைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, 23ஆம் தேதி அவரைத் தாக்கிப் பேசினார். பதவி போனது. பிறகு யார் வாய் திறப்பார்? பஞ்சத்தில் செத்தவர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1961 மார்ச்சில் அந்த 1930 கட்டுரையை மாவோவே குவாங்சோ கூட்டத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். அப்போதும் பெங்கைத் திரும்ப அழைக்கவில்லை.

அதனால்தான் ஆண்டைப் பார் என்கிறேன். 1930ஐயும் 1959ஐயும் சேர்த்து வைத்துப் படி.

உங்கள் வட்டத்திலிருந்து அந்தப் பையனை நீக்கிவிட்டீர்களாம், சித்தி சொன்னாள். நம் வீட்டில் வந்து சாப்பிட்டவன். நீ கை தூக்கினாயா என்று நான் கேட்கவில்லை. அவன் பக்கத்தை அவனிடமே கேட்டாயா? இன்னும் இரண்டு பேரிடமாவது விசாரித்தாயா? இப்போது எங்கே தங்கியிருக்கிறான்?

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, போன் பண்ணு.

அப்பா