அவனுக்கு என்ன தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓராண்டாக என் பேரனை எங்கள் தெருமுனை அங்கன்வாடிக்கு நான்தான் அழைத்துச் செல்கிறேன். சென்ற வாரம் ஒரு காலையில், மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தந்தை பைக்கிலிருந்து இறக்கிவிட்டார். மையத்தின் பணியாளர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, கழன்றிருந்த சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "என்ன சாப்பிட்டு வந்தீங்க, தங்கம்?" என்று கேட்டு, அவன் வாய் திறக்கக் காத்திருந்தார். தந்தையோ வண்டியை அணைக்காமலேயே, "அவனுக்கு என்னம்மா தெரியும்? நீ சோத்தப் போட்டு அனுப்பு, போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டி போன பிறகும் அந்தப் பெண்மணி எழவில்லை. சற்றுப் பொறுத்து, "தோச, சக்கர" என்றான் அவன்.

தந்தையின் அந்த ஒரே பேச்சு குழந்தை, பணியாளர் இருவரையும் சிறுமைப்படுத்தியது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணுபவருக்கு, அந்தக் குழந்தையோடு நாளெல்லாம் பேசிப் பழகுவது ஒரு வேலையாகவே தோன்றாது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. பாட்டும் கதையுமாகக் கற்பிப்பது, எடை பார்த்துப் பதிவது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு வழங்குவது என இத்தனையும் செய்பவரை, "ஏ ஆயா" என்று வாசலில் நின்று அதட்டுகிறோம். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆசையாய் அழைக்கும் சொல் அது; அதை ஏவல் சொல்லாக்கியது நம் குரல்தான்.

குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்கள் தொடர்ந்த வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மதிப்பூதியம் என்ற பெயரில் தரப்படுவதும் ஊதியமே, அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்றது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே நடப்பது கல்விப் பணி என்பதையும் அது தெளிவாகச் சொன்னது. சோறு போட்டு அனுப்புமிடம் என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் மாறவில்லை.

அதிகாரத்தில் இருப்போரும் இதற்கு விலக்கல்லர். கடந்த கோடையில் மையத்தின் மின்விசிறி நின்றுபோனதை உரிய அலுவலகத்தில் நான் முறையிட்டபோது, "சின்னப் பசங்கதானே சார், பார்த்துக்கலாம்" என்றார்கள். இரண்டு மாதம், மதியத் தூக்கத்தில் வியர்த்து அழும் பிள்ளைகளுக்கு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தவர் அதே பணியாளர். பெரியவர்கள் அமரும் அலுவலகத்தில் ஒரு விசிறி அத்தனை நாள் நின்றிருக்குமா?

பிள்ளைகளைக் கொண்டுவிடும் பெற்றோர் வண்டியை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். பணியாளரையும் உதவியாளரையும் "வாங்க, போங்க" என்று பேச வேண்டும். கேள்வி குழந்தையிடம் கேட்கப்பட்டால் குழந்தையே பதில் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். மையங்களிலிருந்து வரும் பழுதுப் புகார்களை இத்தனை நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும் என அரசும் கெடு விதித்து, அதை மையத்தின் வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
விழுப்புரம்.